வலப்பக்கம் திரும்பாத புல்டோசர்

போன மாதம் வில்லியனூரில் என் வீட்டுக்கு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்சரில் மேற்படிப்பு படிக்கிறவர்கள். தமிழில் இதற்கு நிலவெளிக் கட்டடக்கலை என்று யாரோ பெயர் வைத்திருக்கிறார்களாம். வைத்துக்கொள்ளட்டும். நான் டெல்லிக்குப் போய் அதைப் படித்துவிட்டு வந்தபோது பாகூர் கடைத்தெரு அதற்கு வைத்த பெயர் வேறு. "ஃபேன்சி கடை பாய் மவன் டெல்லிக்குப் போயி தோட்டக்காரன் வேல படிச்சுட்டு வந்துருக்கான்பா." இத்தனை வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வும் பெற்ற பிறகு யோசித்தால், கடைத்தெரு சொன்னதில் பெரிய பிழை இல்லை என்றே படுகிறது.

வந்தவர்களில் வாயைத் திறந்தது நிவேதா என்ற பெண் மட்டும்தான். மற்ற இரண்டு பையன்களும் கைப்பேசியைப் பார்த்தபடியே பிஸ்கட்டைத் தீர்த்தார்கள். அவள் மடிக்கணினியில் ஒரு படத்தைக் காட்டினாள். பெண்ணையாற்றங்கரை. கரையோரமாக ஆள் உயரத்தில் நீண்டு கிடக்கும் ஒரு புல்மேடு. அந்த மேட்டை அகலமாகப் பிளந்துகொண்டு, கோணலாக ஆற்று மணலில் போய் இறங்கும் ஒரு வெட்டு. டெல்லியில் எனக்குப் பாடம் எடுத்த புரபசர் எழுதிய புத்தகத்தின் அட்டைப் படம் அது.

"இந்த ஓப்பனிங்கத்தான் சார் நான் தீசிஸ்ல எடுத்திருக்கேன். மாஸ்டர்பீஸ் சார். கிராமத்து நம்பிக்கைகளுக்குத் தலைவணங்கும் திறப்புன்னு புக்ல எழுதியிருக்காரு. நான் ஆங்கிள் கூட அளந்து பாத்துட்டேன். பொங்கலன்னைக்கு சூரியன் உதிக்கிற திசைக்குக் கிட்டத்தட்ட சரியா வருது. அந்த சைட்ல நீங்க வேல பாத்தீங்கன்னு சொன்னாங்க. இதோட கான்செப்ட் இன்னா சார்?"

நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் கட்டடக்கலைப் பட்டம் வாங்கிய கதையை விட்டுவிடுகிறேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. எழுபதுகளின் நடுவில் டெல்லியில் இரண்டு வருஷ மேற்படிப்பு. வகுப்பில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். புரபசர் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர். அதை நாங்கள் ஒரு நாளும் மறந்துவிடாதபடி அவர் பார்த்துக்கொண்டார்.

அவர் பாடம் நடத்தும் முறையைச் சொல்ல வேண்டும். நாங்கள் ராத்தூக்கம் கெட்டு வரைந்த தாள்களைச் சுவரில் குத்தி வைத்துவிட்டு ஓரமாக நிற்போம். அவர் வரைந்தவன் முகத்தைப் பார்க்க மாட்டார். கையில் ஒரு சுருள் மெல்லிய தாள் வைத்திருப்பார். அதை எங்கள் படத்தின் மேல் போர்த்தி, தடித்த பென்சிலால் இரண்டு கோடு இழுப்பார். சர்ரென்று கிழிப்பார். கிழித்ததைத் தரையில் விட்டுவிட்டு அடுத்தவனிடம் போவார். நாங்கள் குனிந்து அதைப் பிரசாதம் மாதிரி எடுத்துப் பத்திரப்படுத்துவோம். அந்த இரண்டு கோடும் இரண்டு வருஷமாக மாறவே இல்லை. ஒன்று மேடு. இன்னொன்று வாசல். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ, எந்த இடத்தைக் கொடுத்தாலும் சுற்றி ஒரு புல்மேடு, நடுவில் ஒரே ஒரு வாசல். ஒரு இடத்துக்கு ஒரு வாசல்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் மனிதனுக்கு உள்ளே நுழைகிற உணர்வு வரும் என்பது அவர் வேதம். சுடுகாட்டைக் கொடுத்திருந்தாலும் அதையேதான் போட்டிருப்பார்.

இன்னொரு கூத்து, பயன்பாட்டு சர்வே. ஒரு இடத்தை வடிவமைக்கும் முன்னால் அங்கே ஒரு வேலை நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நிற்க வேண்டும். யார் நடக்கிறார்கள், யார் உட்காருகிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று கோடு போட்டு எண்ண வேண்டும். அந்தக் கணக்கை வைத்து இது பயன்படும் இடமா, வெற்றிடமா என்று தீர்ப்பு எழுத வேண்டும். தீசிஸுக்கு அவரவர் ஊர்ப்பக்கம் ஓர் இடம் எடுக்கச் சொன்னார்கள். நான் பாகூருக்குத் தெற்கே பெண்ணையாற்றங்கரையை எடுத்தேன். மே மாத விடுமுறையில் போய் நின்றேன். வேலை நாளில் ஆடு மேய்க்கிற ஒரு அம்மா வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதே அம்மா, அதே ஆடுகள்.

கணக்குப்படி அது வெற்றிடம். ஆனால் எங்கள் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் அது வெற்றிடம் இல்லை என்று தெரியும். தை ஐந்தாம் தேதி ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரத்துச் சாமியெல்லாம் டிராக்டரிலும் மாட்டு வண்டியிலும் வந்து அந்தச் சரிவில் இறங்கி மணலுக்குப் போய்த் தீர்த்தவாரி ஆடும். மணல் தெரியாத அளவுக்கு ஜனம். சிறுவள்ளிக் கிழங்கும் கரும்பும் குவிந்து கிடக்கும். என் அத்தா, உங்கள் வழக்கில் அப்பா, வருஷா வருஷம் அங்கே வளையலும் பொம்மையுமாகக் கடை விரிப்பார்.

அத்தாவுக்கு அங்கே இன்னொரு வேலையும் இருந்தது. முதலில் இறங்குகிற இரண்டு சாமிகள் இரண்டு ஊரைச் சேர்ந்தவை. அந்த ஊர்களின் நிஜப் பெயரை எழுதப் போவதில்லை. இப்போது பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் அளவுக்கு ஒற்றுமையாக இருக்கிறார்கள், எதற்குக் கிளற வேண்டும்? மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்கிறேன். யார் சாமி முதலில் ஆற்றில் இறங்குவது என்று ஒரு காலத்தில் வெட்டுக்குத்து நடந்து ஒருவர் கையே போயிருக்கிறது. அதற்குப் பிறகு பெரியவர்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். இரண்டு சாமியும் கரைமேல் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். நடுவில் இரண்டு ஊருக்கும் சேராத ஓர் ஆள் துண்டை உயர்த்திப் பிடித்து நிற்பார். அவர் துண்டை இறக்கியதும் இரண்டும் பக்கம் பக்கமாக ஒரே நேரத்தில் இறங்கும். முதலும் இல்லை, இரண்டாவதும் இல்லை. மற்ற சாமிகள் பின்னால் வரும். அந்தத் துண்டுக்கார ஆள்தான் என் அத்தா. கரையில் அந்தச் சரிவு நல்ல அகலமாக இருந்ததால்தான் அந்த ஏற்பாடு நின்றது.

இதைத் தீசிஸில் தனித் தாளாக வரைந்தேன். சரிவு, மணல், பக்கம் பக்கமாக இரண்டு சாமி, நடுவில் ஒரு புள்ளி. இந்தச் சரிவில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கீழே எழுதினேன். மதிப்பிட வந்தவர்கள் முன்னால் புரபசர் அந்தப் புள்ளியின் மேல் பென்சிலை வைத்து இங்கிலீஷில் கேட்டார்.

"இது என்ன? மரமா?"

"இல்லை சார். என் அத்தா."

அறையே சிரித்தது. வெளியூரிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வருஷத்தில் ஒரு நாள் நடப்பதை வைத்து வடிவமைக்க முடியாது, தவிர இது உன் மதத் திருவிழாகூட இல்லையே, உனக்கென்ன இதில் அக்கறை என்றார் புரபசர். அந்தத் தாளை எடுத்துவிட்டு, ஒரு மேடும் ஒரு வாசலும் போட்டு மறுபடி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். பட்டம் கிடைத்தது.

ஊருக்கு வந்து புதுச்சேரி அரசு இலாகா ஒன்றில் சேர்ந்தேன். அங்கே எனக்கு வாய்த்த மேலதிகாரி, எக்ஸிகியூடிவ் இன்ஜினியர், டவுனில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த மனிதர். காலையில் எல்லோருக்கும் "போன்ழூர்" சொல்வார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து உறுதியான சொல் ஒன்றுகூட வராது. சிக்கலான கோப்பு எதிரில் வந்தால் டீ கொண்டுவரச் சொல்வார். டீ குடிக்கும்போது பேசக் கூடாது என்பது அவர் குடும்பப் பழக்கமாம். கோப்பைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் டம்ளரை வைப்பார். குடித்து முடித்ததும், "பார்க்கலாம்" என்பார். கடிகாரத்தைப் பார்ப்பார். எழுந்து போய்விடுவார். எங்கள் இலாகாவில் எந்தக் கோப்பை எடுத்தாலும் முதுகில் வட்ட வட்டமாக டீக் கறை இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெண்ணையாற்றங்கரையை உல்லாசத் திடலாக்கும் யோசனை மேலிடத்தில் யாருக்கோ வந்தது. ஆலோசகராக யாரைப் பிடித்தார்கள்? எங்கள் புரபசரைத்தான். அந்த இடத்தைப் பற்றித் தன்னிடம் ஏற்கெனவே ஆய்வு தயாராக இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டாராம். வந்த வரைபடத்தை மேசைமேல் விரித்துப் பார்த்தேன். என் தீசிஸின் தாள்கள்தான். டிரேசிங் தாளில் மை எழுத்தை பிளேடால் சுரண்டினால் அந்த இடம் மட்டும் வெளுத்து மங்கலாகத் தெரியும். என் பெயர் இருந்த மூலை அப்படி இருந்தது. தை ஐந்தின் தாளை மட்டும் காணோம்.

கட்டினார்கள். கரை நெடுக ஆள் உயர மேடு, அதன்மேல் வெளிநாட்டுப் புல். ஆற்றங்கரைப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்ற டவுனிலிருந்து டேங்கர் லாரி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். மேட்டுக்கு நடுவில் இரண்டு தூண் வைத்து ஒரு வாசல். ஒரு டிராக்டர் போகும் அகலம். நான் ஆரம்பத்திலேயே ஆட்சேபித்துக் குறிப்பு எழுதினேன். அதன்மேல் டீ டம்ளர் உட்கார்ந்தது.

தை பிறந்ததும் வந்தது வினை. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். மேலூர் தர்மகர்த்தா ராமலிங்கம் ஒரு பக்கம், கீழூர் தர்மகர்த்தா கலியபெருமாள் ஒரு பக்கம், நடுவில் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். இலாகா சார்பில் என்னை அனுப்பியிருந்தார்கள்.

"வாசல்ல ஒரு வண்டிதான் பூரும். எந்தச் சாமி முதல்லன்னு ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக் குடுங்க. இல்லன்னா இந்த வருஷம் ஒரு சாமியும் ஆத்துல எறங்கக் கூடாது. தட போட்டுடுவேன்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"செல்லியம்மன் பின்னால போவாது" என்றார் ராமலிங்கம்.

"எங்க மாரியம்மன் மட்டும் போவுமா?" என்றார் கலியபெருமாள்.

வெளியே இரண்டு ஊர் இளவட்டங்களும் தனித்தனிக் கும்பலாக நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டம் எதையும் முடிக்காமல் கலைந்தது. ராமலிங்கம் என்னைத் தனியாக ஓரங்கட்டினார்.

"பாய் புள்ள, நீ படிச்சவன். ஒங்க இலாகாக்காரன் கட்ன செவுருதான இது? இத்தினி வருசமா ஒங்க அத்தா துண்ட எறக்குவாரு, நாங்க எறங்குவோம், அவ்ளோதான். இப்ப அவுரு எங்க போயி நிப்பாரு சொல்லு. மேட்டு மேலயா?"

"நான் போய் சொல்றேன் அண்ணே."

"சொல்லுப்பா. எம்புள்ளைங்க சொன்னா கேக்குற ரகமில்ல. சாமி எறங்கலன்னாலும் தப்பு, எறங்குனாலும் ரத்தம். எனக்குப் பயமாத்தான் இருக்குது."

அவர் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. இலாகாவுக்குப் போய் எக்ஸிகியூடிவ் இன்ஜினியரிடம் சொன்னேன். வாசலை அகலப்படுத்த அனுமதி கேட்டேன். அவர் ஆலோசகரைக் கேட்க வேண்டும் என்று டெல்லிக்கு டிரங்கால் போட்டு ரிசீவரை என் கையில் கொடுத்தார். புரபசர் பொறுமையாகக் கேட்டார்.

"வரிசையில் போக அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். இது வடிவமைப்புப் பிரச்சினை அல்ல. நடத்தைப் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"என்ன சொல்றாரு?" என்றார் எக்ஸிகியூடிவ் இன்ஜினியர்.

"வரிசையில போகணுமாம் சார். நாளைக்குத் திருவிழா. நீங்க வாய் வார்த்தையா சரின்னு சொன்னாப் போதும்."

அவர் மணியை அடித்து டீ கொண்டுவரச் சொன்னார். டீ வருவதற்குள் நான் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் பிடித்து ஆற்றங்கரைக்குப் போனேன். மேடு போட வந்த புல்டோசர் இன்னும் அங்கேயே நின்றது. அதன் டிரைவர் மாணிக்கம் அதன் நிழலில் சோறு தின்றுகொண்டிருந்தார்.

"வாசலையும் தூணையும் சேர்த்து வெட்டி எடுக்கணும். இங்கேருந்து மணல் வரைக்கும்" என்றேன்.

"யாரு சொன்னாங்க சார்? எழுதிக் குடுப்பீங்களா?"

சைட் ஆர்டர் புத்தகத்தை வாங்கி எழுதி, பெயர் போட்டு, பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போட்டுக் கையெழுத்திட்டேன். டெல்லிப் படிப்பு எனக்கு உருப்படியாக உபயோகப்பட்டது அன்று ஒரு நாள்தான். மாணிக்கம் படித்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"இன்னொரு விஷயம் சார். வண்டி சோத்தாங்கைப் பக்கம் திரும்பாது. அந்தப் பக்கத்துக் கிளட்சு பூடுச்சு. சாமான் மெட்ராஸ்லேர்ந்து வரணும்னு நிக்கிறேன். பீச்சாங்கைப் பக்கம் மட்டுந்தான் ஒடியும். நேரா வெட்டுன்னா என்னால ஆவாது."

"கோணலா போனாலும் ஆத்துலதான போய் விழும்? ஓட்டுங்க."

"அப்போ சரி. எம்மா அகலம்?"

அது எனக்கும் தெரியவில்லை. ராமலிங்கத்துக்கும் கலியபெருமாளுக்கும் ஆள் அனுப்பினேன். இருவரும் அவரவர் டிராக்டரோடு வந்தார்கள். பக்கம் பக்கமாக நிறுத்தச் சொன்னேன். மேளக்காரர்கள் நிற்க இடம் விட்டோம். "குடைக்கு எடம் வேணும்பா" என்றார் கலியபெருமாள். விட்டோம். கடைசியில் ராமலிங்கம் இரண்டு டிராக்டருக்கும் நடுவில் போய்க் கையை விரித்து நின்று, "இது பாய்க்கு" என்றார். அந்த அகலத்துக்கு மாணிக்கம் வெட்டினார். மேலேயிருந்து இறங்க இறங்க வண்டி இடது பக்கமாகவே ஒடிந்து ஒடிந்து போயிற்று. வெட்டு கோணலாகக் கிழக்கே சாய்ந்து மணலைத் தொட்டது.

இதுதாம்மா கான்செப்ட். சூரியனும் இல்லை, பொங்கலும் இல்லை. கிளட்சு.

தை ஐந்தாம் தேதி காலையில் இரண்டு சாமியும் ஒரே வரிசையில் வந்து நின்றன. அத்தா கடையை என்னிடம் விட்டுவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு போய் நடுவில் நின்று துண்டை உயர்த்தினார். மேளம் நின்றது. துண்டு இறங்கியது. இரண்டு டிராக்டரும் அந்தக் கோணல் வெட்டில் ஒன்றோடு ஒன்று உரசாமல் இறங்கின. வளையல் கேட்டு நின்ற பெண்ணுக்கு அளவு பார்க்கத் தெரியாமல் நின்றேன். அத்தா திரும்பி வந்து, "இன்னாடா வழிய இப்பிடி கோணிகினு போட்டு வெச்சிருக்க? படிச்சவன் வேலயா இது?" என்று கேட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தார். ஆனால் அன்று சாயங்காலம்வரை வந்தவர் போனவரிடமெல்லாம், "நம்ம புள்ள வெட்ன வழிதான்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அடுத்த வாரம் மெமோ வந்தது. அனுமதியின்றி அழகு மேட்டைச் சிதைத்தாயாம். என் விளக்கத்தின் மேல் யாரும் டீ டம்ளர் வைக்கவில்லை, உடனே உத்தரவு போட்டுவிட்டார்கள். என்னை ஏனாமுக்குத் தூக்கி அடித்தார்கள். புதுச்சேரி அரசு ஊழியனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆந்திராவின் நடுவில் ஒரு விருந்தினர் மாளிகையின் புல்தரையை வெட்டச் சொல்லி மேற்பார்வை பார்ப்பதற்கு ஒரு மேற்படிப்பு. அடுத்த தைக்கு விடுப்பு கேட்டேன், கொடுக்கவில்லை. அதுதான் அத்தா துண்டை இறக்கிய கடைசித் திருவிழா என்று அப்போது எனக்குத் தெரியாது. அதற்கடுத்த தை வருவதற்குள் அவர் மவுத்தாகிவிட்டார். அந்த விடுப்பை மறுத்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற யோசனையும் இல்லை.

நான் ஏனாமில் இருந்தபோது அந்த வெட்டின் இரண்டு பக்கமும் தானாகவே அருகம்புல் முளைத்துப் பச்சையாகிவிட்டது. புரபசர் ஒருமுறை வந்து பார்த்திருக்கிறார். படம் எடுத்திருக்கிறார். பிறகு ஒரு கருத்தரங்கில் அதைத் திரையில் போட்டு, சடங்கின் பாதையை நிலத்திலேயே எழுதியிருக்கிறேன் என்றார். அரங்கமே கைதட்டியது. நான் கடைசி வரிசையில் இருந்தேன். இடைவேளையில் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார்.

"நன்றாக முதிர்ந்திருக்கிறது, இல்லையா?" என்றார்.

"எது சார், கிளட்சா?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் காப்பி எடுக்கப் போய்விட்டார். நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு அது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நிவேதா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பையன்கள்கூடக் கைப்பேசியைக் கீழே வைத்திருந்தார்கள்.

"சூப்பர் சார். ஆனா இத தீசிஸ்ல போட முடியாது. ரெஃபரன்ஸ் புக் வேணும். நீங்க சொன்னீங்கன்னு எழுதினா கைடு ஒத்துக்க மாட்டாரு."

"சரிம்மா. ஒங்க புரொபோசல் இன்னா? அதக் காட்டு."

அடுத்த படத்தைத் திறந்தாள். அதே வெட்டு. அதன் தலையில் இரண்டு தூணும் மேலே வளைவுமாக ஓர் ஆர்ச். பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் நாயோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். வெட்டின் ஒரு பாதியைப் பூச்செடி வைத்து அடைத்திருந்தாள்.

"எத்தினி அடி அகலம்மா விட்டிருக்க?"

"ஒரு வண்டி போற அளவு சார். ஓப்பனிங் ரொம்ப லூசா இருக்குன்னு கைடு சொன்னாரு. எண்ட்ரி ஃபீலே இல்லையாம். இலாகாவுலயும் காட்டியாச்சு, அவங்களுக்குப் புடிச்சிருக்கு."

"சர்வே எடுத்தீங்களா?"

"எடுத்தோம் சார். மே மாசம். ஒரு வேல நாள், ஒரு ஞாயித்துக்கிழம. ஆளே இல்ல. ஒரு அம்மா மட்டும் ஆடு மேய்ச்சிகினு இருந்தாங்க."

நான் குனிந்து அந்த ஆர்ச்சைக் கிட்டத்தில் பார்த்தேன். இப்போதெல்லாம் தை ஐந்தாம் தேதி துண்டை இறக்குவது என் தம்பி. அவன் நிற்கும் இடத்தில் சரியாக ஒரு தூண் நின்றது.

"வைம்மா, தாராளமா வை" என்றேன். "முன்ன மாதிரி புல்டோசரத் தேடிகினு அலைய வேணாம். இப்ப பாகூர்லயே ஜேசிபி வாடகைக்குக் கெடைக்குது. அது ரெண்டு பக்கமும் திரும்பும்."